சுடுகோட்டுக்கு இந்தப் பக்கம்

மதுரையில் ரைஃபிள் கிளப் ஒன்று இருக்கிறது என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் முதலில் சிரிக்கிறார்கள். துப்பாக்கி என்றால் அவர்களுக்கு விஜய் படம். அல்லது திருக்குறள். வான்சிறப்பின் இரண்டாம் குறளில் அந்தச் சொல் வருகிறது, உணவை உண்டாக்கி என்ற பொருளில். துருக்கியிலிருந்து பாரசீகம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த சுடுகருவியின் பெயருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தமிழ் ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சொல்லியே தீர வேண்டிய வேடிக்கை இது. சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்பாள்: "அங்க பொண்ணுங்கள சேப்பாங்களா மேம்?"

சேர்ப்பார்கள். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனாலும் கட்டணம் எவ்வளவு, எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் இந்தக் கேள்விதான் அவள் வாயில் வருகிறது. அது ஏன் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு கிளப்பின் வரலாறு என்றால் நிறுவியவர் பெயர், தலைவர்களின் வரிசை, வாங்கிய கோப்பைகள், திறப்புவிழாக் கல்வெட்டு என்று எழுதுவது வழக்கம். சுடுதளத்தின் வரலாற்றை அப்படி எழுத எனக்கு ஈடுபாடு இல்லை. சுடுதளம் மிக எளிய இடம். இந்த முனையில் தரையில் ஒரு கோடு. அந்த முனையில் குறிப்பலகை, அதன் பின்னால் குண்டை வாங்கிக்கொள்ளும் மண்மேடு. இடையில் பத்து, இருபத்தைந்து, ஐம்பது மீட்டர். போலீஸ், ராணுவத் தளங்களில் இன்னும் நீளம். சுடும்போது கோட்டுக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. சிவப்புக் கொடி ஏறியிருந்தால் ஆடு மேய்க்கிறவர்கூட அந்தப் பக்கம் ஒதுங்கக் கூடாது. ஆகவே, யார் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள், யார் அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டார்கள் என்று கேட்டாலே வரலாற்றில் பாதி வந்துவிடும். மதுரைச் சமவெளியில் பெண்கள் இந்தப் பக்கம் வந்து நின்ற காலம் மிகக் குறைவு.

*

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். என் தொழில் அது. துப்பாக்கியைப் பிடித்து நாம் செய்வதற்குப் பெயர் குறி பார்த்தல். குறி என்றால் இலக்கு, அடையாளம், வருவதை முன்கூட்டிச் சொல்லுதல். ஆணுறுப்புக்கும் அதே சொல். குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறான். சிங்கி கைபார்த்துக் குறி சொல்கிறாள். அவனுடைய குறி காட்டில், அவளுடைய குறி அடுத்தவளின் உள்ளங்கையில். சொல் ஒன்றுதான், வேலையை மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

பெண் கையில் வில்லையே கொடுக்காதவர்கள் அல்லர் நாம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரைக்கு நடந்து வரும் வழியில் வேட்டுவ வரி வருகிறது. எயினர் குலத்துக் குமரி ஒருத்திக்குக் கொற்றவை வேடம் கட்டி, கையில் வில்லைக் கொடுத்து, கலைமான்மேல் ஏற்றுகிறார்கள். எதற்கு? ஆண்களின் வெட்சி சோர்ந்துவிட்டது, ஆநிரை கவர்ந்து வந்து நாளாகிவிட்டது, தெய்வத்துக்குக் கடன் கொடுத்தால்தான் வில் வெல்லும். வில் ஏந்திய அந்தச் சிறுமி ஓர் அம்பும் எய்வதில்லை. சடங்கு முடிந்ததும் வில் உரியவர் கைக்குத் திரும்பிவிடும்.

நகருக்குள் வந்தால் மீனாட்சி. தடாதகையாகப் பிறந்து, முடிசூடி, எட்டுத் திசைக் காவலரையும் வென்று கயிலை வரை போனவள். சிவனைக் கண்ட கணத்தில் மூன்றாவது முலை மறைகிறது, போர் நின்றுபோகிறது. சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். வெற்றிக்கும் தாலிக்கும் நடுவில் ஒரே ஒரு ராத்திரி. பத்தாம் நாள்தான் ஊரே திரண்டு வருகிறது, மொய் எழுதுகிறது, பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். ஒன்பதாம் நாள் மாசி வீதியில் இடம் பிடிக்க யாரும் அத்தனை அடித்துக்கொள்வதில்லை.

சிவகங்கைச் சீமையின் வேலு நாச்சியார் கதைக்குள் குயிலி வருகிறாள். உடம்பில் எண்ணெயை ஊற்றித் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்குக்குள் பாய்ந்தவள் என்பது மக்கள் நினைவு. மேடைதோறும் புகழ்கிறோம். புகழும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது, நம் நினைவில் மிக உயரத்தில் நிற்கிற இந்தப் பெண் ஒரு துப்பாக்கியும் சுடவில்லை, தானே வெடிமருந்தாகிவிட்டாள் என்பது.

*

இந்தச் சமவெளியின் ஆயுதங்களைக் கும்பினி அரசு பறித்ததற்கு ஒரு தேதி உண்டு. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட சில வாரங்களில், 1801 டிசம்பர் 1 அன்று, சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்படும். ஆயுதம் வைத்திருப்பது குற்றம். வேலும் வாளும் வளரியும் வீட்டுப் பரணுக்கோ கோயில் மூலைக்கோ போயின. பிறகு 1878-இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிமம் கொண்டுவந்தது. இந்தியருக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு.

ரைஃபிள் கிளப் என்ற யோசனை இந்தக் காலத்தில்தான் இங்கிலாந்தில் வளர்கிறது. அங்கே தேசிய ரைஃபிள் சங்கம் 1859-இல் தோன்றியது. அடுத்த ஆண்டு ஜூலையில் விம்பிள்டனில் முதல் போட்டி. முதல் குண்டைச் சுட்டவர் ஒரு பெண், விக்டோரியா மகாராணி. சுட்டார் என்றால், முன்கூட்டியே குறி பார்த்துத் தாங்கியில் பொருத்தி வைத்திருந்த ரைஃபிளின் விசையோடு கட்டப்பட்ட பட்டுக் கயிற்றை இழுத்தார். குண்டு நடுவில் போய் விழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். நம் வேட்டுவக் குமரிக்கும் அந்த அம்மாவுக்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. அந்தச் சங்கத்தின் மிகப் பெரிய பரிசான மன்னர் பரிசைப் பிஸ்லியில் ஒரு பெண் வெல்ல 1930 ஆயிற்று. அவர் பெயர் மார்ஜரி ஃபாஸ்டர்.

1857-க்குப் பிறகு இந்தியாவில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் தன்னார்வ ரைஃபிள் படைகளில் சேர்ந்தார்கள். தென்னிந்திய ரயில்வே ஊழியர்களுக்கும் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு அப்படி ஒரு படை இருந்தது. 1875-இல் மதுரைக்கு ரயில் வந்தது. ரயிலோடு குடியிருப்பு வந்தது, குடியிருப்போடு கிளப் வாழ்க்கை வந்தது. மதுரையில் இன்றும் விளையாட்டரங்கம் இருக்கும் இடத்துக்கு ரேஸ் கோர்ஸ் என்றுதான் பெயர். குதிரை போய்விட்டது, பெயர் போகவில்லை.

படித்த இந்திய ஆண்களுக்கு இது பெரிய அவமானம். 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரசில் ஆயுதச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் வந்தது. பிபின் சந்திர பால் எழுந்து பேசினார். நியாயமான கோரிக்கைதான். அந்தக் காலத்துப் பேச்சுகளிலும் பத்திரிகைகளிலும் திரும்பத் திரும்ப வந்த வாதம் என்ன தெரியுமா? இந்தச் சட்டம் எங்களை ஆண்மையற்றவர்களாக ஆக்குகிறது என்பது. ஆயுதம் இழந்தால் ஆண், பெண்ணாகிவிடுகிறான் என்று புலம்பிய அந்த அவையில், ஏற்கெனவே பெண்ணாக இருப்பவளுக்கு ஆயுதம் வேண்டுமா என்ற கேள்விக்கு இடம் எங்கே இருந்திருக்கும்?

*

பெருங்காமநல்லூர் பற்றிச் சொல்லாமல் மதுரையில் துப்பாக்கியைப் பற்றி எழுதக் கூடாது. உசிலம்பட்டி வட்டாரத்துச் சிற்றூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பிரமலைக் கள்ளர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அரசு நெருக்கியது. ஊர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் 16 பேர். அவர்களில் ஒருவர் பெண், மாயக்காள். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் சொல்கிறது. ஜாலியன்வாலா பாக் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இதற்கு ஊரில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. மதுரையைச் சுற்றிய இந்த நிலத்தில் துப்பாக்கியோடு சேர்த்து வரலாறு பெயர் சொல்லி வைத்திருக்கிற பெண்களில் மாயக்காள் முன்னால் நிற்கிறார், கோட்டுக்கு அந்தப் பக்கம், கையில் தண்ணீரோடு.

அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீங்கியது. துப்பாக்கிச் சூடு நீங்கவில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போனவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஸ்னோலின் அவர்களில் ஒருத்தி. போலீசும் எங்கோ ஒரு சுடுதளத்தில்தான் சுடக் கற்றது என்பதை விளையாட்டைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடுகிறோம்.

தமிழ்ப் பெண்கள் கூட்டமாக ரைஃபிள் ஏந்தி, வரிசையாக நின்று, குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொண்ட முதல் பெரிய நிகழ்வு தமிழ்நாட்டில் நடக்கவில்லை. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. சென்னையிலிருந்து போன மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். வசதியான வீட்டுப் பெண்ணான ஜானகி தேவருக்கு அப்போது பதினெட்டு வயதுதான். பால் வெட்டப் போன கைகள் ரைஃபிளைப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டின. தாலிக்கும் சேலைக்கும் இடையே வாழ்ந்தவர்கள் கால்சட்டை போட்டார்கள். அவர்களைப் போர்முனையில் முழுதாக இறக்குவதற்குள் போர் திசைமாறிவிட்டது. முகாம் கலைந்தது, ரைஃபிள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பலர் தோட்டத்துக்கே திரும்பினார்கள். கேப்டன் லட்சுமியை நமக்குத் தெரியும். அவர் பின்னால் அணிவகுத்து நின்ற முகங்களில் பத்துப் பெயரைச் சொல்லச் சொன்னால் தமிழ் முனைவர் பட்டம் வாங்கியவர்களே தடுமாறுவோம்.

*

இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் 1951-இல் தொடங்கியது. முதல் தலைவர் மக்களவைத் தலைவராக இருந்த ஜி.வி. மாவலங்கர். அவர் பெயரில் இன்றும் போட்டி நடக்கிறது. அரசமைப்பு எழுதி முடித்த கையோடு இதையும் செய்திருக்கிறார்கள். விடுதலை பெற்ற நாட்டின் குடிமக்கள் குறி பார்க்கக் கற்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. மாநிலச் சங்கங்கள், அவற்றின்கீழ் மாவட்டக் கிளப்புகள் என்று அமைப்பு இறங்கியது. மாவட்டத்தில் இருந்த சுடுதளம் போலீசுடையது. துப்பாக்கி உரிமம் கொடுப்பவர் ஆட்சியர் அல்லது போலீஸ் ஆணையர். ஆகவே கிளப்பின் தலைமை நாற்காலியும் இயல்பாக அந்த அதிகாரிகளிடம் போனது. உறுப்பினர்கள் யார்? ஏற்கெனவே உரிமமும் துப்பாக்கியும் வைத்திருந்தவர்கள்: மிராசுதார்கள், மில் முதலாளிகள், எஸ்டேட்காரர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள். தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்களைச் சேர்த்ததே 1973-இல், ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள். அதற்கு முன்பு சுடுதளத்துச் சாவிக்கொத்து எந்தப் பெண் கையிலும் இருந்திருக்க வழியில்லை.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962-இல் நடைமுறைக்கு வந்தது. காலனியச் சட்டம் போய்ச் சுதந்திர நாட்டின் சட்டம். ஒருவர் இத்தனை துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்று பின்னால் அதில் வரம்பு கட்டியபோது, அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர் பயிற்சிக்குப் பயன்படுத்தும் .22 ரைஃபிளுக்கும் ஏர் ரைஃபிளுக்கும் விலக்கு வைத்தார்கள். சட்டத்தின் எழுத்தில் ஆண் பெண் பேதம் இல்லை. வீட்டில் இருந்தது. எங்கள் பக்கத்தில் துப்பாக்கி, நிலத்தைப் போல அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிற பொருள். ஆயுத பூஜையன்று அதைத் துடைத்துச் சந்தனம் வைத்துக் கூடத்தில் கிடத்துவார்கள். சந்தனம் அரைப்பது வீட்டுப் பெண்கள். தேர்தல் அறிவித்தால் அதைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவது ஆண்கள்.

முதலில் உள்ளே வந்த பெண்கள் யார் என்றால், இளவரசிகள். பிகானேர் மகாராஜா கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர். அவர் மகள் ராஜ்யஸ்ரீ குமாரி 1968-இல் அர்ஜுனா விருது பெற்றார். அடுத்த ஆண்டு கோட்டா அரச குடும்பத்துப் புவனேஸ்வரி குமாரி. நம் பக்கத்தில் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பம் அந்த மரபில் வருகிறது. அக்குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் சுட்டார். வேட்டையாடும் அரசர்களின் தோட்டத்தில் முளைத்த விளையாட்டு இது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அரண்மனைத் துப்பாக்கிக்குப் பறவைக்குப் பதிலாகக் களிமண் தட்டு கிடைத்தது, பதக்கமும் கிடைத்தது.

அதே சட்டம் நரிக்குறவர்களுக்கு என்ன கொடுத்தது? மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தில் அவர்கள் குடியிருப்பு இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியோடு நரி, கொக்கு, காடை தேடித் திரிந்தவர்கள். குறி தவறாமையில் எந்த மகாராஜாவுக்கும் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் கையில் இருந்தபோது அது வேட்டைக் குற்றமாயிற்று. பெண்கள் ஊசிமணி, பாசிமணி கோத்து விற்றுக் குடும்பத்தைத் தூக்கிச் சுமந்தார்கள், இன்றும் சுமக்கிறார்கள். அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுமியை எந்த ரைஃபிள் கிளப்பாவது தேடிப் போய்ச் சேர்த்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், அடுத்த பதிப்பில் எழுதிவிடுகிறேன்.

*

இளவரசியாகப் பிறக்காதவர்களுக்குத் திறந்த வாசல் என்.சி.சி. 1948-இல் அமைப்பு வந்தது, அடுத்த ஆண்டு பெண்கள் பிரிவு. சீனப் போருக்குப் பிறகு 1963-இல் கல்லூரி ஆண்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். பெண்களுக்குக் கட்டாயம் இல்லை, விருப்பம்தான். 1968-இல் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைச் சொற்கள் வேண்டாம் என்று தமிழகச் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. முப்பதாண்டுக்குப் பிறகு நான் சேர்ந்தபோதும் 'சாவ்தான்', 'விஷ்ராம்' தான். தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டு அதற்கு விறைத்து நின்றேன் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

வாசல் என்று சொன்னேன், அது எவ்வளவு அகலம் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாண்டில் நான் சுட்டவை கைவிரல்களால் எண்ணி முடிக்கக்கூடிய தடவைகள். ஊருக்கு வெளியே ஒரு தளத்துக்கு லாரியில் கூட்டிப் போவார்கள். விரிப்பில் குப்புறப் படுக்க வேண்டும். இருபத்தைந்து கெஜத்தில் பலகை, ஆளுக்கு ஐந்து தோட்டா. .22 ரைஃபிளின் மரக்கட்டையில் அதற்கு முன் படுத்த எத்தனையோ கன்னங்களின் வியர்வை ஏறிப் பளபளப்பாக இருக்கும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்த வேண்டும். விசையை இழுக்கக் கூடாது, அழுத்த வேண்டும். ஐந்தும் முடிந்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை ஒன்று குறைந்தது. இருபது பெண்கள் இருட்டும் வரை நெருஞ்சி முள்ளுக்குள் முழங்காலிட்டுத் தேடினோம். கிடைத்த பிறகுதான் லாரி கிளம்பியது. அன்றைக்கு என் ஐந்து துளைகளும் ஓர் எட்டணா நாணயத்துக்குள் அடங்கியிருந்தன. பயிற்சி தந்த ஹவில்தார் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா சுடுறே. என்ன பிரயோஜனம்?" என்றார். கெட்ட மனிதர் இல்லை, உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். வீட்டில் அம்மா கேட்டது வேறு: "யாரச் சுடப் போற?"

இதே வாசல் வழியாகத்தான் மும்பையின் அஞ்சலி பாகவத் போனார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலின் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்த முதல் இந்தியப் பெண் அவர். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில், சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் படித்த ரூபா உன்னிகிருஷ்ணன் ரைஃபிள் பிரிவில் தங்கம் வென்றிருந்தார். அந்த ஆண்டு தமிழ்ப் பெண்கள் பத்திரிகைகளின் அட்டையில் அவர் படத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

*

இந்த விளையாட்டில் உடல்வலு தீர்மானிப்பது மிகக் குறைவு. பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளிக்கான இடம் அரை மில்லிமீட்டர் அகலம், ஊசிமுனைப் பொட்டு. நின்று சுடும்போது ரைஃபிளைத் தோள் தசையால் தாங்கினால் நடுங்கும். இடக்கை முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, எலும்பின்மேல் எலும்பாகப் பாரத்தை இறக்க வேண்டும். குடத்தையும் குழந்தையையும் இடுப்பில் ஏற்றிப் பழகிய எந்தப் பெண்ணும் இதை ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்வாள்.

அப்படியானால் ஆண் பெண் என்று ஏன் பிரித்தார்கள்? முதலில் பிரிக்கவில்லை என்பதுதான் செய்தி. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மூன்று நிலை ரைஃபிள் போட்டி இருபாலருக்கும் பொது. அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக்கும் லானி பாஷமும் ஒரே புள்ளி, 1162. சமன் முறிக்கும் விதிப்படி தங்கம் பாஷமுக்குப் போனது. நாட்டுப்பண் ஒலிக்கும்போது அவர் மர்டாக்கைக் கையைப் பிடித்து மேல்படிக்கு ஏற்றிக்கொண்டார். 1992 பார்சிலோனாவில் சீனாவின் ஜாங் ஷான் ஸ்கீட் பிரிவில் ஆண்களையும் சேர்த்துத் தோற்கடித்துத் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில், 1996 அட்லாண்டாவில், ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும். வென்றவளால் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளப் போகவே முடியவில்லை. பெண்களுக்கான ஸ்கீட் 2000-இல்தான் வந்தது. ஏர் ரைஃபிளில் ஆண்களுக்கு அறுபது குண்டு, பெண்களுக்கு நாற்பது என்று வைத்திருந்தார்கள். மீதி இருபதைச் சுட்டால் நமக்கு என்ன ஆகிவிடும் என்று அவர்கள் பயந்தார்களோ தெரியாது. 2018-இல்தான் பெண்களுக்கும் அறுபது ஆனது.

வடக்கே, உத்தரப்பிரதேசத்தின் பாக்பத் மாவட்டத்தில் ஜோஹ்ரி என்று ஒரு கிராமம். அங்கே ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு ரைஃபிள் கிளப் தொடங்கியது. பேத்தியைத் துணைக்குக் கூட்டிப் போன சந்திரோ தோமர், அறுபதைத் தாண்டிய வயதில், சும்மா ஒரு பிஸ்டலை எடுத்துச் சுட்டார், நடுவில் விழுந்தது. பிறகு அவரும் ஓரகத்தி பிரகாஷி தோமரும் வீட்டு ஆண்கள் தூங்கிய பின் தண்ணீர் நிரம்பிய கூஜாவைக் கைநீட்டிப் பிடித்துக் கையை உறுதியாக்கினார்கள் என்பது பலரும் அறிந்த கதை. முந்தானைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்ட ஊரில் இது நடந்தது. பிரகாஷியின் மகள் சீமா 2010-இல் உலகக் கோப்பை டிராப்பில் வெள்ளி வென்றார். சந்திரோ 2021 ஏப்ரல் 30 அன்று கொரோனாவில் இறந்தார். நம் மாவட்டக் கிளப்புகளின் வரலாற்றோடு இதை வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பளிச்சென்று தெரிவது ஒன்று: ஜோஹ்ரியில் கிளப் ஊருக்குள் இருந்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்களைத் தேடிப் போகாமல், இல்லாதவர்களைத் தேடி வந்தது.

ஊருக்குள் இருப்பதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டிச் சுடுதளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், பாட்டி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவமனையில் சில நாள் போராடி, ஜனவரி 3 அன்று இறந்துபோனான். தளத்தை மூட உத்தரவு வந்தது. மண்மேட்டைத் தாண்டி என்ன இருக்கிறது என்று தளம் அமைப்பவர்களுக்கு ஒரு வரைபடம் உண்டு. அதில் சோறு போடுகிற பாட்டிகள் இருப்பதில்லை.

*

இப்போது விளையாட்டு நகரத்துக்குள் வந்துவிட்டது. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. பத்து மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான நீளத்தில் ஒரு கூடம் இருந்தால் போதும். பன்னிரண்டு வயதிலிருந்து சிறுவர் சிறுமியர் பயிற்சிக்குப் போகலாம். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இந்தப் பத்து மீட்டரில்தான் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். 2024-இல் மனு பாக்கர் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதல் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார், அதுவும் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு. சக்கர நாற்காலியிலிருந்து அவனி லேகரா டோக்கியோவிலும் பாரிஸிலும் பாராலிம்பிக் தங்கம் வென்றார். செய்தி வந்த வாரங்களில் அப்பாக்கள் மகள்களைக் கூட்டிக்கொண்டு பயிற்சிக் கூடங்களுக்குப் போனார்கள். அம்மாக்களும் போனார்கள்.

ஆனால் போட்டிக்குரிய ரைஃபிள் ஜெர்மனியிலிருந்து வருகிறது, விலை லட்சங்களில். ஐந்நூறு பெல்லட் கொண்ட டப்பா சில நாள் பயிற்சிக்குத்தான் வரும். முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் விறைப்பான ஜாக்கெட், கால்சட்டை, காலணி தனி. முன்பு சாதியும் அரண்மனையும் காத்த வாசலை இப்போது விலைப்பட்டியல் காக்கிறது. அரசுப் பள்ளி, கல்லூரிகளின் விளையாட்டுக் கிடங்கில் பூப்பந்து மட்டை இருக்கிறது, எறிகுண்டு இருக்கிறது. இரண்டு ஏர் ரைஃபிளும் ஒரு நீளக் கூடமும் ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டுப் பார்த்தேன். "பாதுகாப்பு யார் பொறுப்பு மேடம்?" என்று திருப்பிக் கேட்டார்கள். எறிகுண்டு ஏழு கிலோ இருக்கிறது, தலையில் விழுந்தால் அதுவும் ஆபத்துதான் என்றேன். சிரித்தார்கள்.

பின்வரிசையிலிருந்து கேட்ட அந்தப் பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள். செக்கானூரணிப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறவள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மாடிக் கூடத்தில், கூடத்துக்குச் சொந்தமான பழைய ரைஃபிளில் சுடுகிறாள். ஒருநாள் அவளோடு போய்ப் பார்த்தேன். அங்கே பொதுவில் தொங்கும் ஜாக்கெட்டுகள் எல்லாம் ஆண் அளவு. மார்பில் இறுக்கம், தோளில் தொளதொளப்பு. சட்டைக் கையை மூன்று மடிப்பு மடித்து, முதுகில் இரண்டு ஊக்கு குத்திக்கொண்டாள். நான் இன்னொரு ஊக்கை என் சேலையிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். முழங்கையை இடுப்பில் ஊன்றினாள். மூச்சு நின்றது. அன்று அறுபதில் நாற்பத்தொன்று சுட்டிருந்தபோது கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மீதிப் பத்தொன்பது பெல்லட்டையும் எண்ணி டப்பாவில் போட்டுப் பெயரெழுதி, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு ஓடினாள்.